செவ்வொளியும் நமது உடல்நலமும்

(ஆண்டுத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு, பூசைக்குப் பின் ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழாவில் ஒருநாள் உடல்நலம் குறித்துப் பேசும்படி ஆலயச் செயலாளர் என்னைப் பணித்தபோது, நான் மருத்துவன் அல்லேன், கோப்புகளைப் படித்துக் குறிப்பெழுதும் அரசாங்க ஊழியன் என்று எடுத்துச் சொன்னேன். அவரோ, "அதனால்தான் உங்களைக் கேட்கிறோம். அந்தச் செவ்வொளிக் கருவி விற்பவர்கள் ஒரு கட்டுக் காகிதம் தந்திருக்கிறார்கள். படித்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்" என்றார். மறுக்க வழியில்லை.

செய்தி தெரியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். செவ்வொளி பாய்ச்சும் கருவிகள் நமது வட்டாரத்தில் வீடு வீடாக விற்கப்பட்டு வருகின்றன. முகத்தில் அணியும் முகமூடி, மேசைமீது நிறுத்தும் பலகை, முழங்காலில் சுற்றும் பட்டை, பாதத்தை உள்ளே நுழைத்துக்கொள்ளும் காலணி எனப் பல வடிவங்கள். சிலவற்றின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. முகப்பரு, முகச் சுருக்கம், முடி உதிர்தல், மூட்டுவலி, ஆறாத புண், கால் மரத்துப்போதல், இனிப்புநீர் வியாதி என அத்தனைக்கும் இவை உதவும் என்கிறார்கள். இப்போது நமது ஆலய மண்டபத்தில் இலவச ஒளி சிகிச்சை நாள் ஒன்று நடத்தவும், திருவிழா மலரில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிடவும் அனுமதி கேட்டிருக்கிறார்கள். செயலவை இன்னும் முடிவு சொல்லவில்லை.

நாம் ஒளியிடம் கைநீட்டும் மரபினர். தீபாராதனை முடிந்ததும் கற்பூரச் சுடரின் வெம்மையை இரு கைகளாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். "ஒளி உங்களைக் குணப்படுத்தும்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களைவிட நம் மனம் விரைவில் இணங்கிவிடும். அந்தக் காரணத்தினாலேயே சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

செவ்வொளி மருத்துவம் புதியதன்று. அதன் பழைய வரலாறு நாம் வணங்கும் மாரியம்மனோடு தொடர்புடைய ஒரு நோயை ஒட்டியது. அந்நோய் பெரியம்மை. நம் முன்னோர் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, அன்னையை வேண்டிக் காத்திருந்த அதே காலங்களில், ஐரோப்பியர் பெரியம்மை கண்டவரைச் சிவப்புத் துணியால் சுற்றிச் சிவப்புத் திரைகளுக்கு நடுவே கிடத்தினர். பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனின் மகனுக்கே இந்த வைத்தியம் நடந்திருக்கிறது. 1893-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் இதற்கு அறிவியல் விளக்கம் ஒன்றை அளித்தார். ஊதாக் கதிர்கள் கொப்புளத்தைச் சீழ்பிடிக்கச் செய்கின்றன. அவற்றைத் தடுத்துச் சிவப்பொளியை மட்டும் அறைக்குள் விட்டால் தழும்பு குறையும் என்றார். சிவப்புக் கண்ணாடி பொருத்திய அறைகளில் நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். காலப்போக்கில் அம்முறை பயனற்றதெனக் கைவிடப்பட்டது.

ஃபின்சன் எளிய மனிதரல்லர். தோல் காசநோய்க்கு அவர் கண்ட ஒளிச் சிகிச்சைக்காக 1903-இல் நோபெல் பரிசு பெற்றவர். அந்தச் சிகிச்சைக்கு அவர் பயன்படுத்தியது சிவப்பு ஒளியன்று, குறுகிய அலைநீளமுடைய ஊதா, புற ஊதாப் பக்கத்து ஒளி. நோயால் நடக்க இயலாதிருந்த அவரால் பரிசைப் பெற ஸ்டாக்ஹோம் செல்லவும் முடியவில்லை. மறு ஆண்டே, நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார். (எனக்கு அந்த வயது கடந்துவிட்டது என்பதை இவ்வரலாற்றைப் படித்த இரவில் நினைத்துக்கொண்டேன்.) அத்தகைய மேதையே ஒரு நிறத்தில் வென்று மற்றொரு நிறத்தில் தவறியிருக்கிறார். பெரியம்மையை இவ்வுலகினின்றும் அகற்றியது தடுப்பூசி. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்தது என அறிவித்தது. நம் பெரியவர்களின் மேற்கையில் காணும் வட்டத் தழும்பு அதற்குச் சாட்சி.

அப்படியானால் ஒளி மருந்தாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். இங்கே கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர் தங்கள் பிள்ளைக்கு மஞ்சள் கண்டு, மருத்துவமனையில் நீல விளக்கின்கீழ்க் கிடத்தியதைக் கண்டிருப்பீர்கள். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தாதி, குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த பகுதி மட்டும் மஞ்சளாகவே இருக்க, வெயில் பட்ட இடம் வெளுத்திருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய நீல விளக்கு. அந்தக் குழந்தைக்குச் சிவப்பு விளக்கைக் காட்டினால் மஞ்சள் இறங்காது. அதுபோலவே சொரியாசிஸ் நோய்க்கும் வெண்புள்ளிக்கும் மருத்துவமனைகளில் தருவது 311 நானோமீட்டர் அளவிலான புற ஊதாக் கதிர். கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் செய்து வெண்புள்ளிக்கு வைத்தியம் பார்த்தது நமது பண்டைய இந்திய மருத்துவம். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு வேலை. ஆகவே "ஒளி நல்லது" என்ற பொதுப்பேச்சு நமக்குப் போதாது. எந்த ஒளி, எந்த நோய்க்கு, எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும்.

இனி, இன்றைய செவ்வொளிக்கு வருவோம். இது தற்செயலாகப் பிறந்தது. 1967-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எலிகளின் முதுகை மழித்து, ரூபி லேசரின் சிவப்பொளியைப் பாய்ச்சினார். ஒளியின் வலிமை குறைவு. புற்றுநோய்க்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒளிபட்ட எலிகளுக்கு மழித்த உரோமம் மற்றவற்றைவிட விரைவில் வளர்ந்தது! பின்னர் ஆறாத புண்களில் அதைச் சோதித்தார். விற்பனையாளர்கள் "நாசா கண்டுபிடித்தது" என்று சொல்வது இதற்கெல்லாம் பிந்திய கதை. 1990-களில் விண்கலத்தில் செடி வளர்ப்பதற்காகச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை நாசா பயன்படுத்தியது. அந்த விளக்குகளைப் புண் ஆற்றும் ஆராய்ச்சிக்கும் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில், சிறுவர்களாக இருந்தபோது, டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடி விளையாடியிருப்போம். விரலிடுக்கில் சிவப்பு மட்டும் தெரியும். உடலின் தசையூடே மற்ற நிறங்களைவிடச் சிவப்பொளியே மிகுதியாக ஊடுருவிச் செல்வதுதான் காரணம். இக்கருவிகள் பயன்படுத்துவது ஏறத்தாழ 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பொளியும், கண்ணுக்குத் தெரியாத 810 முதல் 850 வரையிலான அகச்சிவப்புக் கதிரும் ஆகும். நம் உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் உள்ள ஒரு நொதி இவ்வொளியை ஈர்த்து, உயிரணுவைச் சுறுசுறுப்பாக்குகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முடிந்த முடிபாக அது இன்னும் நிறுவப்படவில்லை. சிவப்பொளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும்; அகச்சிவப்பு இன்னும் சற்று ஆழம் போகும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்திற்கும் பலன் கிட்டும் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருப்பவர்கள், சட்டையையும் தோலையும் தசையையும் தாண்டி இந்த ஒளி எப்படிப் போகிறது என்று சொல்லக் காணோம்.

நற்பலன் உறுதியாகத் தெரிந்த இடம் ஒன்றை முதலில் சொல்கிறேன். அது அழகு நிலையத்தில் இல்லை, புற்றுநோய்ப் பிரிவில் இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கும், எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கும் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கவும் இயலாத நிலை ஏற்படும். அதனைத் தடுக்க இவ்வொளியை வாய்க்குள் பாய்ச்சலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வழிகாட்டியது. அனைத்துலகப் புற்றுநோய் ஆதரவு மருத்துவ அமைப்பும் 2020-இல் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவர்கள், அளவு கணக்கிட்டு, மருத்துவமனையில் செய்வது அது. நமக்கு வீட்டில் விற்கப்படும் கருவிக்கும் அதற்கும் உறவு தொலைவு.

முகச் சுருக்கத்திற்குச் சிறிது பலன் உண்டு. 2014-இல் ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வில், வாரம் இருமுறையாக முப்பது முறை ஒளி பெற்றவர்களின் தோல் முன்னைவிட மென்மையானது தெரியவந்தது. முடி உதிர்தலில், பரம்பரையாக வரும் வழுக்கைக்கு ஓரளவு பயன் தெரிகிறது. 2007-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசர் சீப்பு ஒன்றை விற்க இசைவளித்தது. அந்த இசைவை "அமெரிக்க அரசு அங்கீகரித்தது" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவியை ஒத்தது, பாதுகாப்பானது என்ற அளவில் தரப்படும் இசைவு அது. எல்லாக் கூற்றையும் மெய்ப்பித்ததாக ஆகாது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றிற்குக் கருவி செய்வோரே பொருளுதவி செய்திருக்கிறார்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. முகப்பருவைப் பொறுத்தவரை, நீல ஒளியையும் சிவப்பொளியையும் சேர்த்துக் கொடுத்தால் சிவந்து வீங்கிய பரு குறைவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் 2016-இல் காக்ரேன் குழுவினர் அத்தனை ஒளிச் சிகிச்சை ஆய்வுகளையும் ஒன்றாக எடை போட்டபோது, உறுதியாகச் சொல்லுமளவு சான்று இல்லை என்றே முடித்தார்கள். படர்தாமரைக்கு மருந்தகத்தில் கிடைக்கும் களிம்பு இருக்க, விளக்கு எதற்கு?

நம் நிறத்தவர்க்கு ஒரு தனிக் குறிப்பு. செவ்வொளியின் பாதுகாப்பைச் சோதித்து 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், வெள்ளையர் தாங்கிய அளவைவிடக் குறைந்த அளவையே கருநிறத் தோலினர் தாங்கினர். விற்பனைக் காகிதத்தில் காணும் நேரக் கணக்கு யாருடைய தோலுக்குச் சொன்னது என்று தெரியாமல், "இருபது நிமிடம் நல்லதென்றால் ஒரு மணி நேரம் இன்னும் நல்லது" என்று எண்ணிவிடக் கூடாது. முகத்தில் மங்கு உள்ள பெண்கள் வெம்மை தரும் எந்த விளக்கையும் தோல் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டாம். சூட்டினால் மங்கு கூடும்.

மூட்டுவலிக்கு வருகிறேன். 2019-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் முழங்கால் வலி குறைகிறது என்றார்கள். 2022-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்போ, மூட்டுத் தேய்மானத்திற்கு லேசர் சிகிச்சையைத் தர வேண்டாம் என்றது. அறிந்தோர் இருவேறு கருத்துக் கொண்டிருக்கும்போது நான் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதால் தீங்கில்லை. அப்படி அமர்ந்திருந்தே நடைப்பயிற்சியை விட்டுவிட்டால் தீங்குண்டு.

நான் இன்று பேச ஒப்புக்கொண்டதன் உண்மைக் காரணம் இனிமேல் வருவது.

எங்கள் தாமானில் ஓர் அம்மையார் இருக்கிறார். என் தாயாரின் தோழி. பெயர் சொல்லாமல் இங்கே கூற அவரிடமே ஒப்புதல் பெற்றிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர் உள்ளவர். பாதம் மரத்துப்போயிருந்தது, செருப்பு நழுவி விழுந்ததைக்கூட உணராமல் நடந்துவிடுவாராம். அவருடைய மகன் தாய்மீது கொண்ட பாசத்தால், நரம்புக்கு உணர்ச்சி திரும்பும் என்று சொல்லப்பட்ட செவ்வொளிக் கருவி ஒன்றைத் தவணையில் வாங்கித் தந்தார். சென்ற ஆண்டு திருவிழாவில், நண்பகல் வெயிலில், அந்த அம்மையார் வெறுங்காலுடன் சிமெண்டுத் தரையில் ஆலயத்தைச் சுற்றி வந்தார். அன்றிரவு பெருவிரலடியில் ஒரு கொப்புளம் இருந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் கவலையும் இல்லை. "விளக்குத்தான் இருக்கிறதே" என்று காலையும் மாலையும் அதற்கே ஒளி காட்டினார்கள். ஆறு வாரம். விரல் கறுத்த பிறகு மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மகன் என்னிடம், "அம்மாவுக்கு நல்லதுன்னுதானே அண்ணே வாங்கினேன்" என்று சொல்லி அழுதார். அந்தக் கருவி அம்மையாரைச் சுடவில்லை. அது ஆறு வாரத்தைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்தக் காகிதக் கட்டில் இல்லாத ஒரு செய்தி. இதே நோக்கத்திற்காக அமெரிக்காவில் அகச்சிவப்புக் கருவி ஒன்று பல ஆண்டுகள் விற்கப்பட்டது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு உண்மைக் கருவி. மறு பகுதியினருக்கு அதே தோற்றமுள்ள, ஒளி தராத போலிக் கருவி. யாரிடம் எது இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிப்பவர்க்கும் தெரியாது. மூன்று மாதம் வீட்டில் பயன்படுத்திய பின் பார்த்தால், உணர்ச்சியிலோ வலியிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன்பே, 2006-இல், அமெரிக்க அரசின் மெடிகேர் காப்புறுதித் திட்டம் நீரிழிவு நரம்புப் பாதிப்புக்கும் புண்களுக்கும் இத்தகைய அகச்சிவப்புக் கருவிகளுக்குப் பணம் தருவதில்லை என முடிவெடுத்தது. அரசாங்கப் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்த முடிவு எனக்குப் பெரிதாகப் பட்டது.

இது நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இம்மண்டபத்தில் ஒரு வரிசையில் பத்துப் பேர் அமர்ந்திருந்தால் மூவரை அது தொடுகிறது. இன்னும் சில நாளில் தீமிதி. விரதமிருந்து, காப்புக்கட்டி, அன்னையின் பெயரைச் சொல்லிப் பூக்குழி இறங்கும் அடியவர்களின் பக்தியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆயினும் உணர்ச்சியற்ற பாதத்தோடு இறங்குகிறவர்களுக்குத் தாம் சுடப்பட்டது தெரியாது. காப்புக்கட்டும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள். மரத்த பாதம் எனில், அந்நேர்த்தியைப் பால்குடமாக மாற்றிக்கொள்ளலாமா என்று நமது குருக்களிடம் கேளுங்கள். அதுபோல், சூடு தரும் பழைய மாதிரிச் சிவப்பு பல்பு வேறு, எல்.இ.டி. செவ்வொளி வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மரத்த காலுக்குச் சூட்டு பல்பை வைத்து வெந்துபோனால், அதுவும் தெரியாது.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் கிட்டப்பார்வை கூடாமலிருக்கச் செவ்வொளியைக் கண்ணுக்குள் பார்க்கச் செய்யும் கருவி சீனாவில் பரவியது. பலன் தந்ததாக ஆய்வுகளும் வந்தன. ஆனால் ஐந்து மாதம் அதைப் பயன்படுத்திய பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரு கண்ணின் விழித்திரையும் பாதிக்கப்பட்டதை 2023-இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. முகமூடி அணிபவர்கள் கண் காப்பு இல்லாமல் அணிய வேண்டாம். விளக்கை உற்றுப் பார்க்கும் விளையாட்டைப் பிள்ளைகளுக்கு அனுமதிக்க வேண்டாம். பருவிற்கு மாத்திரை உட்கொள்ளும் இளைஞர்கள், லூப்பஸ் நோயுள்ளவர்கள், மருத்துவரைக் கேட்ட பின்னரே தொட வேண்டும்; சில மருந்துகள் தோலை ஒளி தாங்காததாக ஆக்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. நீரிழிவு, சிறுநீரக நோய், இருதய நோய், புற்றுநோய் உள்ளிட்ட இருபது நோய்களைக் குறிப்பிட்டு, ஒரு மருந்தோ கருவியோ அவற்றைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று பொதுமக்களிடையே விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டத்தின்கீழ் மருத்துவக் கருவிகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். நமக்கு அனுப்பப்பட்ட விளம்பர வாசகத்தில் "இனிப்புநீர்" என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. பதிவு எண் ஓரிடத்திலும் இல்லை. அதை நம் மலரில் அச்சிட்டால், அம்பாள் படத்திற்கு எதிர்ப்பக்கத்தில் அது நிற்கும். கோயில் மலரில் வந்ததைக் கோயில் சொன்னதாகவே நம் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே விளம்பரத்தையும் மண்டபத்தையும் தர வேண்டாம் என்பது செயலவைக்கு என் பரிந்துரை. ஒரு முழுப்பக்க விளம்பரத்தின் வருவாய் போகிறதே என்று பொருளாளர் வருந்துவார். அந்தத் தொகையை நம்மில் சிலர் பகிர்ந்து கொடுத்துவிடலாம். என் பங்கை இன்றே தருகிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று பூசைக்கு முன் சிலர் கேட்டார்கள். தூக்கி எறிய வேண்டாம். முகத்திற்கோ முடிக்கோ வாங்கியிருந்தால், கண்ணை மூடிக் காத்து, சொன்ன நேரத்திற்கு மேல் போகாமல், மூன்று நான்கு மாதம் பாருங்கள். முதல்நாளும் கடைசிநாளும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாசாரில் இறைச்சிக் கடைக்காரர் சிவப்பு விளக்கைத் தொங்கவிடுவது எதற்கென்று நமக்குத் தெரியும். அதன் கீழே பார்த்தால் எல்லாம் புதிதாகத்தான் தெரியும். ஆறாத புண், நிறம் மாறும் மச்சம், மரத்த பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தக் கருவியை எடுக்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளிதான். புண் இரண்டு நாளில் ஆறத் தொடங்கவில்லையெனில் மூன்றாம் நாள் காலை அங்கே இருங்கள்.

இன்றிரவு அன்னதானம் முடிவதற்குள் ஒரு சிறு ஏற்பாடு. நம் ஆலய அன்பர்களான தாதியர் இருவர் மண்டபத்தின் பின்புறம், காலணி வைக்குமிடத்தின் அருகில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கிறது. அதனால் பாதத்தை இலேசாக அழுத்துவார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே படுகிறது என்று சொன்னால் போதும். வலியில்லை, கட்டணமுமில்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் அனைவரும், தீமிதிக்குப் பெயர் கொடுத்தவர்கள் அனைவரும் ஒருமுறை அவர்களைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மையாரும் வந்திருக்கிறார். முதலில் அவர்தான் அமரப்போகிறார்.